சம்பளமில்லாமல் வேலை பழகப் போகாதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, வவுனியாவில் 6 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்த நீங்கள், 4 மாதத்தில் 90 விண்ணப்பங்கள் அனுப்பியும் ஒருவரும் அழைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைசியாக வந்த இரண்டு வாய்ப்புகளில் ஒரு கடை 2 கிழமை சம்பளமின்றி வேலை பழகச் சொல்வதாகவும், மற்ற இடம் வாடிக்கையாளர் சேவைப் பயிற்சிக்கு 300 டொலர் கேட்பதாகவும் சொல்லி, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பகுதியில் வீடு எடுப்பது, கார் வாங்கலாமா என்ற கேள்விகளுக்கு வேலை அமைந்த பிறகு விடை தானாகவே தெரியும். இந்த இரண்டு வேலைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டையும் எடுக்காதீர்கள்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலைக்கான பயிற்சி நேரமும் வேலை நேரம்தான். அதற்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும். பரீட்சார்த்தமாக ஒரு ஷிப்ட் செய்து காட்டு என்று சொன்னாலும் அதற்கும் சம்பளம் உண்டு என்பதை 2024இல் வந்த சட்டத் திருத்தம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. 2025 ஒக்டோபரில் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலரானது. 300 டொலர் கேட்கும் அந்த மற்ற இடம் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியாக இருந்தால், அது உங்களைப் பதிவதற்கோ, ரெசுமே எழுதித் தருவதற்கோ உங்களிடம் காசு வாங்க முடியாது. 2024 ஜூலை முதல் அவர்களுக்கு அனுமதிப் பத்திரமும் வேண்டும். அதை மாகாணத் தொழில் அமைச்சின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கடுமையாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் 1991 மார்ச்சில், நாடு பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, இங்கே வந்து இறங்கினேன். தொழிற்சாலைகள் மூடப்பட்டு, இந்நாட்டில் பிறந்தவர்களே வேலையின்றி வரிசையில் நின்ற காலம் அது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் எங்கள் ஆள் ஒருவர் நடத்திய உணவகத்தில், "முதலில் பழகு, பிறகு பார்ப்போம்" என்று சொன்னதை நம்பி 11 நாள் கோப்பை கழுவி, மேசை துடைத்து, பரிமாறினேன். பன்னிரண்டாம் நாள் போனபோது என் இடத்தில் வேறொரு பையன் நின்றான். அவனும் சம்பளமின்றிப் பழக வந்தவன்தான் என்பது பிறகே தெரிந்தது. வேலை குறைந்த காலத்தில் இப்படிச் செய்பவர்கள் பெருகுவார்கள், ஏனென்றால் ஒருவர் போனால் வாசலில் பத்துப்பேர் நிற்பார்கள். "நம்ம ஆள் தானே" என்று கேள்வி கேட்காமல் போவதும், கையில் காசாக வாங்கிக்கொண்டு சம்பளத் துண்டு கேட்காமல் இருப்பதும் எங்கள் சனத்திடம் இன்றும் மாறவில்லை. அப்படி உழைத்த காலத்துக்கு எந்தப் பதிவும் இராது. வேலை போனால் அரசின் வேலையிழப்புக் கொடுப்பனவும் கிடைக்காது. முதலில் வந்து வீடு வாசல் எடுத்துவிட்ட சிலர், இப்போது வருபவர்கள் சோம்பேறிகள் என்று கல்யாண வீடுகளில் பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். அவர்களும் யாரோ ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதால் நிமிர்ந்தவர்களே.

ஆனால் முறையான சம்பளத்தோடு வாடிக்கையாளர் சேவை வேலை ஒன்று கிடைத்தால், கணக்காளருக்கு இது தகுமா என்று யோசிக்காமல் எடுங்கள். நான் அடுத்ததாக ஒரு டோனட் கடையின் இரவு ஷிப்டில் சேர்ந்தேன். முதல் வாரம் ஒருவர் "டபுள் டபுள்" என்று கேட்க நான் இரண்டு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கிறீம், இரண்டு சீனி போட்ட ஒரே கோப்பி என்று அவரே பொறுமையாக விளக்கினார். கோபமாக வருபவரை முதலில் முழுதாகப் பேசவிட வேண்டும், பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகுதான் என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கை அந்தக் கவுண்டரில்தான் கற்றேன். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் எனக்கு எழுதத்தான் உதவியது. காது பழகியது இந்த இரவுகளில்தான். அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இரண்டு விடயங்களில் கவனமாக இருங்கள். கடைகள் நத்தாருக்கான ஆட்களைச் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே தேடத் தொடங்கும். ஜனவரியில் ஆளை நிறுத்தாமல் மணித்தியாலங்களைக் குறைப்பார்கள். ஆகவே கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்பதைச் சேரும்போதே கேளுங்கள். மற்றது, "கனடிய அனுபவம் இல்லை" என்ற பதிலைக் கேட்டு மனம் உடையாதீர்கள். அப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொன்னது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தில் அதைக் கேட்பதற்கு 2026 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ரெசுமேயில் கணக்கு வேலையைச் சுருக்கிவிட்டு, பணம் கையாண்டது, ஆட்களோடு பேசிப் பிணக்குத் தீர்த்தது ஆகியவற்றை மேலே கொண்டுவாருங்கள்.

அந்த டோனட் கடைக்கு விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு முதியவர் தவறாமல் வருவார். அவர் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் தபால் பிரிவில் இருந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே அவருடைய கோப்பியை நான் ஊற்றி வைத்திருப்பேன். 1993 குளிர்காலத்தில் ஒரு நாள், தங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி, மேலாளரின் பெயரைக் காகிதக் கைத்துடைப்பான் ஒன்றில் எழுதித் தந்தார். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், கோப்பி மணத்த சட்டையோடு நேரே அங்கே போனேன். அந்தத் தொழிலில்தான் 27 வருடம் இருந்தேன்.