குளத்தில் விரால் குறைவதற்கு அம்பு காரணமா?

ஆம், உங்கள் மானூர்ப் பக்கத்துக் குளத்தில் வில்லும் அம்பும் கொண்டு மீன்பிடிக்கும் இளைஞர்கள் ஜிலேபி மீனை (திலேப்பியா) மட்டுமே எய்வதாகச் சொன்னாலும், அங்கே விரால் அருகியதற்கு வில்லே காரணமாக இருக்கக்கூடும்.

விரால் மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வரும் மீன். செந்நிறத் திரளாக மேலே மிதக்கும் குஞ்சுகளைத் தாயும் தந்தையும் அடியில் நின்று காப்பதால் அம்புக்கு அந்தப் பெற்றோர் மீன்களே எளிதில் அகப்படுகின்றன, காவல் போனதும் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரையாகின்றன. தூண்டிலில் சிக்கியதைத் திருப்பி விடலாம். அம்பு தைத்ததை விட்டும் பயனில்லை.

ஐப்பசி மழைக்குப் பின், காலையில் கோரை ஓரங்களைக் கவனியுங்கள். குஞ்சுத்திரள் இருந்தும் அதன் அடியில் பெரிய மீன் நெடுநேரம் புரளவில்லையென்றால் சந்தேகம் வலுக்கும். குஞ்சுக் காலம் முடியும்வரையாவது வில்லை நிறுத்தும்படி குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் அவசியம் பேசுங்கள்.

ஆனால் கோடையில் குளம் அடியோடு வற்றியிருந்தாலோ, தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி உள்ளே புகுந்திருந்தாலோ, வில்லை நிறுத்துவதால் மட்டும் விரால் மீளாது.