கால்வாய்க் கரையில் 297 கிலோமீட்டர்: மின் கார்கோ பைக்குக்கு ஒரு பேட்டரி போதுமா?

கேள்வி: வாஷிங்டன் ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை, சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹையோ) கால்வாய்க் கரைப்பாதையில் ஆறு வயது மகளைப் பின்னால் உட்காரவைத்துப் போக ஆசை. பார்த்துவைத்திருக்கும் மின் கார்கோ பைக்கில் (ஆளும் சுமையும் ஏற்றும் மின்சார சைக்கிள்) 500 வாட்-அவர் பேட்டரி. ஒரு சார்ஜில் 100 கிலோமீட்டர் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: இந்தப் பாதைக்கு நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு ஒருவர் மட்டும், சுமையில்லாமல், தார் ரோட்டில் ஓட்டுவதற்கானது. கோவேறு கழுதைகள் படகை இழுத்துப்போன இந்தப் பாதையில் களிமண்ணும் பொடிக்கல்லும்தான். நீங்கள், மகள், கூடாரம், பைக் எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வையுங்கள். காய்ந்த தரையில் மோட்டாரின் குறைந்த உதவியில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 9 வாட்-அவர் போகும்; மழை பெய்த மறுநாள் 14 வரை ஏறும். கடைசிப் பத்து சதவீதத்தைக் கையிருப்பாக விட்டால் மிச்சம் 450. காய்ந்தால் 50 கிலோமீட்டர், நனைந்தால் 32. இவ்வளவுதான்.

இடிக்கிற இடம் வழியில் வரும் ஹான்காக் ஊருக்கு அப்பால். அங்கிருந்து கம்பர்லேண்ட் 97 கிலோமீட்டர். நடுவில் கடைகண்ணி மிகக் குறைவு. கரையோர இலவசக் கூடாரத் தளங்களில் கழிப்பறையும் மேசையும் உண்டு, மின்சாரம் கிடையாது. அதனால் பெரிய மோட்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இரண்டாவது பேட்டரிக்குக் கொடுங்கள். அப்போதும் 97 கிலோமீட்டரை ஒரே நாளில் வைக்காதீர்கள். ஹான்காக்கிலிருந்து 51 கிலோமீட்டரில் பா பா என்ற சிற்றூர் வரும். அங்கே தங்கவும் சார்ஜ் போடவும் இடம் உண்டா என்று புறப்படும் முன்பே போன் செய்து பேசிவிடுங்கள். கால்வாயின் லாக்குகளை (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) ஒட்டிய பழைய வீடுகள் சில வாடகைக்குக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் மின்சாரம் இல்லை, கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

பெட்டியில் எந்த சார்ஜர் வருகிறது என்றும் பாருங்கள். 4 ஆம்பியர் சார்ஜர் 500 வாட்-அவரை நாலரை மணி நேரத்தில் நிரப்பும். 2 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். இரண்டு பேட்டரியும் ஒரே இணைப்பில் சார்ஜ் ஆகாத வண்டியாக இருந்தால் நடுராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: முன்னால் பெட்டி உள்ளதா, பின்பக்கம் நீண்டதா, எதை வாங்குவது?

பதில்: பின்பக்கம் நீண்டது. வழியில் வரும் பா பா சுரங்கம் 950 மீட்டர் நீளம், உள்ளே கும்மிருட்டு, கைப்பிடிக் கம்பியை ஒட்டிய குறுகலான மேடுபள்ளப் பாதை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் அகலப் பெட்டியோடு ஒதுங்குவது பெரும் பாடு. தள்ளும்போது மோட்டார் உதவும் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கடையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. இருபது பவுண்டு அரிசி மூட்டை நான்கைப் பின்னால் கட்டி ஓட்டிப் பாருங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி ஆட்டியும் பாருங்கள். அடுத்தது மட்கார்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். இந்தக் களிமண் உதிர்ந்த இலையோடு பிசைந்து அந்த இடைவெளியில் அப்பிக்கொள்ளும். சக்கரம் இறுகும், மோட்டார் முக்கும், பேட்டரி கண்முன்னே இறங்கும். ஒரு தட்டைக் குச்சியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மண் பிரேக் பேடையும் சீக்கிரம் தேய்க்கும்; ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மழை பிடித்துவிட்டால் பிக் பூல் முதல் லிட்டில் ஆர்லியன்ஸ் வரை பக்கத்திலேயே ஓடும் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயிலுக்கு (பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை) மாறிவிடுங்கள். சுமார் 45 கிலோமீட்டர், பெரும்பாலும் தார்.

கேள்வி: த்ராட்டில் (பெடல் மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் விசை) உள்ள வண்டி வாங்கலாமா? மேட்டிலிருந்து இறங்கும் திசையில் போனால் பேட்டரி மிச்சமாகுமா?

பதில்: இது தேசியப் பூங்கா நிலம். மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது, பெடல் மிதிக்காமல் மோட்டாரிலேயே நெடுநேரம் ஓட்டவும் கூடாது. வேக வரம்பு மணிக்கு 15 மைல். த்ராட்டிலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையே இல்லை.

திசையால் லாபம் இல்லை. 74 லாக்குகளும் சேர்ந்து ஏறுவது 184 மீட்டர்தான். ஒவ்வொரு லாக்கிலும் இரண்டரை மீட்டர் சிறு மேடு, பிறகு சமதரை.

கேள்வி: திரும்பும்போது ரயிலில் ஏற்றலாமா?

பதில்: முடியாது. இங்குள்ள பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் ஏற்றும் சைக்கிளுக்கு எடை வரம்பு 50 பவுண்டு. உங்கள் வண்டி பேட்டரியோடு அதைத் தாண்டிவிடும். கம்பர்லேண்டில் ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். வழியில் ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இரவு தங்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: கரைப்பாதையிலிருந்து பாலத்துக்கு இரும்புப் படிக்கட்டு ஏற வேண்டும், இந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அதற்கு ஆறு மைல் முன்னால், பாதையை ஒட்டியே இருக்கும் பிரன்ஸ்விக்கில் தங்கிவிடுங்கள்.