இரண்டு லொறிக்காரருக்கு எதற்கு ஜி.பி.எஸ்ஸும் கணக்கு அப்பும்? வன்னி லொறிச் சேவையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சிப் பக்கம் சின்ன லொறிச் சேவைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், லொறி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டுகிற ஜி.பி.எஸ். கருவி பொருத்துவதும் என் வேலை. கேட்ட எல்லோருக்கும் நன்றி. கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரந்தன்: அண்ணா, எங்களிடம் இரண்டு கன்டர் லொறிதான். நெல்லும் சீமெந்தும் ஏற்றுகிறோம். எங்களைப் போன்றவர்கள் ஏன் இதற்குக் காசு போடுகிறார்கள்?

லாபக் கணக்குப் பார்த்துப் போடுகிறவர்கள் குறைவு தம்பி. பெரும்பாலும் சாமான் தருகிறவர் கேட்பதால்தான் போடுகிறார்கள். கொழும்பில் இருக்கிற முதலாளிக்கு உங்கள் றைவரைத் தெரியாது. ‘லொறி எங்கே நிக்குது?’ என்று கேட்டால், ‘வந்துகொண்டிருக்குது ஐயா’ என்ற பதில் அவருக்குப் போதாது. வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி அவரே பார்க்க விடுகிறவருக்குத்தான் அடுத்த லோட்டும் போகிறது. பக்கத்துச் சேவைக்காரர் அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டால் நீங்களும் செய்யாமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வீட்டில் மகளோ மருமகனோ கொம்பியூட்டரில் புழங்குகிறவராக இருந்தால் அந்தச் சேவை முதலில் மாறிவிடுகிறது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், வாங்கிய கருவியும் பெட்டியோடு கிடக்கிறது.

மாங்குளம்: சரி, நேரடியாக ஏதாவது மிஞ்சுமா?

மிஞ்சும், அதுவும் திரும்பி வருகிற பயணத்தில். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடுகிற லொறி என்று வைத்தால் ஒரு வழிக்கு 30 லீற்றர் டீசல். வெறும் லொறியாகத் திரும்பினால் அந்த 30 லீற்றரும் உங்கள் கையிலிருந்துதான். டீசல் எந்த விலைக்குப் போனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மனம் பதறும்.

காலபோக அறுவடையில் மாசி, பங்குனி மாதங்களில் நெல் ஏற்றிப் போக ஆள் தேடத் தேவையில்லை. ஆனால் தம்புள்ளையில் எந்த மரக்கறி வியாபாரி எந்தக் கிழமை வவுனியாவுக்கோ பரந்தனுக்கோ சாமான் எடுக்கிறார் என்ற விபரம் கையில் இல்லாவிட்டால், திரும்பும்போது சந்தையில் நின்று அலைய வேண்டும். கிடைத்த விலைக்கு ஏற்ற வேண்டியும் வரும். போன வருஷத்துப் பயணங்கள் போனில் ஒரு கணக்கு ஷீற்றில் இருந்தால், புறப்படும் முன்பே யாருக்குப் போன் எடுத்துக் கேட்பது என்று தெரியும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், அளவு வைத்துக் கொடுக்கிற கியூ.ஆர். முறை தொடங்கியபோது லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர்தான். மேலே சொன்ன கணக்கின்படி தம்புள்ளை போய்வரவே 60 வேண்டும். எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு டீசல் என்று எழுதி வைத்தவர்களுக்குத்தான், எதை ஏற்பது எதை விடுவது என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடிந்தது.

புதுக்குடியிருப்பு: றைவர் என் மச்சான். ஜி.பி.எஸ். பூட்டினால் ‘என்னை நம்பவில்லையா?’ என்பான். என்ன செய்ய?

ஒளித்துப் பூட்டாதீர்கள். அவர் முன்னாலேயே பூட்டி, அவருடைய போனிலும் திறந்து கொடுங்கள். சிவப்பு வயர் பற்றறிக்கு, கறுப்பு ஏர்த்துக்கு, இன்னொன்று சாவிச் சுவிச்சுக்கு, அவ்வளவுதான் வேலை. களஞ்சிய வாசலில் காலை ஏழு மணிக்குப் போய் மாலை வரை இறக்காமல் காத்து நின்றால், அதற்கான சாட்சியும் அந்தக் கருவிதான். அந்தப் பதிவைக் காட்டிக் காத்திருப்புக் கூலி கேட்கலாம். அதில் ஒரு பங்கு மச்சானுக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிடும். சிக்னல் இல்லாத நேரம் ஓடியதைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புகிற கருவியா என்று கேட்டு வாங்குங்கள். வேறு எந்த வசதியையும்விட இங்கே இது முக்கியம்.

பூநகரி: நண்டும் மீனும் ஏற்றுகிறோம். எங்களுக்கும் இதே கருவிதானா?

உங்களுக்கு முதலில் வேண்டியது வெப்பநிலையைப் பதிகிற சின்னக் கருவி. ஐஸ் பெட்டிக்குள் சாமானோடு சாமானாகப் போகும். சரக்குப் பழுது என்று விலையைக் குறைக்க வந்தால், வழியில் சூடு ஏறியதா இல்லையா என்று காட்டலாம்.

முல்லைத்தீவு, ஒரு தங்கச்சி: பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குகிற வேலை செய்கிறேன். விலாசம் கண்டுபிடிக்கவே பாதி நாள் போகிறது.

‘பிள்ளையார் கோயிலடி, இரண்டாவது ஒழுங்கை’ என்று எழுதினால் யாரால்தான் கண்டுபிடிக்க முடியும்? முதல் தடவை போகும்போதே வீட்டு வாசலில் நின்று லொக்கேஷனை எடுத்து, அவருடைய போன் இலக்கத்தோடு சேமித்து விடுங்கள் தங்கச்சி. ஒரு வருஷத்தில் அந்தப் பட்டியல் உங்கள் மோட்டார் சைக்கிளைவிடப் பெறுமதியாகிவிடும். அப்புறம், அதை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். சனங்களின் வீட்டு விபரம் அது.

செட்டிகுளம்: ஒருவர் வந்து மாதக் கட்டணத்துக்கு முழு மென்பொருளும் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

இப்போது வேண்டாம். முதலில் மூன்று மாதம் போனிலேயே ஒரு ஷீற் வைத்து எழுதுங்கள்: திகதி, எங்கிருந்து எங்கே, யாருடைய சாமான், மீற்றர் தொடக்கமும் முடிவும், அடித்த டீசல், வாங்கிய முற்பணம், வர வேண்டிய மிச்சம். மிச்சம் என்ற அந்த ஒரு கட்டத்தை நிரப்பாததால்தான் எத்தனையோ பேரின் காசு வியாபாரிகளிடம் நிற்கிறது. பிறகும் மென்பொருள் தேவை என்று பட்டால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். றைவர் பார்க்கிற பக்கம் தமிழில் இருக்கிறதா? நான் நிறுத்தினால் என் தரவு முழுவதையும் எக்செல்லில் எடுத்துப் போகலாமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லி, உங்கள் முன்னாலேயே செய்து காட்டினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.