முதல் சண்டை ரோபோவுக்கு எந்த ஆயுதம் வைப்பது?

முதன்முதலாக 454 கிராம் எடைப் பிரிவில் ரோபோ செய்கிறீர்கள், சுழலும் பிளேடு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். செர்வோவால் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) எதிராளியைத் தூக்கும் கை, அதாவது லிஃப்டர் வையுங்கள்.

நான் ஸ்பின்னரில், அதாவது சுழலும் பிளேடு வைத்த ரோபோவில்தான் தொடங்கினேன். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை ஆயுதமே விழுங்கிவிட்டது. முதல் மோதலில் எதிராளி பறந்துபோய் விழுந்தது, பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதே அடி என் ரோபோவுக்கும் விழுந்திருந்தது. பிளேடு சுற்றிக்கொண்டே இருக்க, ரோபோ நகரவில்லை. பத்து எண்ணி முடித்துவிட்டார்கள், நான் தோற்றேன். பிரித்துப் பார்த்தால், சக்கர மோட்டாரின் சிவப்பு வயர் பற்றவைத்த இடத்தில் அறுந்திருந்தது. வேறு எதுவும் உடையவில்லை.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் பிளேடில் தேங்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். அதைத் தாங்க அச்சு, பேரிங், பெல்ட், சட்டகம் எல்லாமே உறுதியாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கவும் மூடிய பெட்டி வேண்டும், வெறும் மேசைமேல் ஓட்டவே கூடாது.

லிஃப்டருக்குக் கணக்கு எளிது. எதிராளியின் ஒரு ஓரத்தைத் தூக்கினால் போதும், அதாவது பாதி எடை, சுமார் 227 கிராம். கை 5 செ.மீ. நீளம் என்றால் 1.1 கிலோ-செ.மீ. முறுக்குவிசை தேவை. கையின் எடை, மோதலின் உதறல் இவற்றையும் சேர்த்து இரண்டு மடங்குக்குக் குறையாத செர்வோவாக வாங்குங்கள். பற்சக்கரம் உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் பற்கள் சட்டென்று சிதைந்துவிடும். தலைகீழாகக் கவிழ்ந்தால் அதே கையால் நிமிர்ந்துகொள்ளவும் முடியும்.

லிஃப்டர் என்றால் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ரோபோ சண்டைத் தொலைக்காட்சிப் போட்டியான பேட்டில்பாட்ஸில் 2015-ல் பட்டம் வென்ற பைட் ஃபோர்ஸ் என்ற ரோபோ, அந்த ஆண்டு தூக்கும் கையோடுதான் இறங்கியது. பிளேடு மேலும் கீழுமாகச் சுழலும் செங்குத்து ஸ்பின்னருக்கு மாறியது அப்புறம்தான்.

மிச்சமாகும் எடையைச் சக்கரங்களுக்கும் முன்தகட்டுக்கும் கொடுங்கள். தகட்டின் நுனி தரையைத் தொடுகிறதா என்று ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், எதிராளியின் தகடும் அப்படியே உள்ளே போகும். சரி, தகடு பொருந்திவிட்டது என்றால் மிச்ச நாளெல்லாம் ஓட்டிப் பழகுங்கள். சிக்னல் அறுந்தால் கையும் சக்கரமும் உடனே நிற்கின்றனவா என்பதையும் ரிமோட்டை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.