இடாப்பில் இல்லாத பெயர்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அமெரிக்க சமஷ்டி முறையில் சட்டத்துறை, நிறைவேற்றுத்துறை, நீதித்துறை மூன்றும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதை மாணவர்களுக்கு எளிதாக எப்படிச் சொல்வது? போன வாரம் ஒரு பையன் எழுந்து, "சேர், யாரு ஆண்டாலும் எங்கம்மா கொழுந்துதானே எடுக்கணும், இது எங்களுக்கு எதுக்கு?" என்றான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நம் மாகாண சபைகளின் அதிகாரங்கள் எங்கே எழுதப்பட்டுள்ளன என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள தம்பி,

மூன்று துறைகள் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காங்கிரஸ் சட்டம் இயற்றும். ஜனாதிபதி அதை மறுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்த மறுப்பைத் தாண்டலாம். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1803இல் ஒரு வழக்கில் நிலைநாட்டிக்கொண்டது. இதையெல்லாம் நீங்கள் நன்றாகவே படிப்பிப்பீர்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பையனின் கேள்வி. அவன் கேட்கலாம், அந்த வயது அப்படி. ஆனால் படிப்பிக்கிற உங்களுக்கு அது சரியென்று பட்டதே, அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நீதிமன்றமும் பாராளுமன்றமும் தங்களுக்குள் அதிகாரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டன என்பதால் வாழ்க்கையே புரண்டுபோன மக்கள் நாம், மலையகத் தமிழர். வாஷிங்டனை விடுங்கள். ருவன்வெல்லையிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, நம் ஆட்களில் பெரும்பாலோரைப் பிரஜைகள் இல்லை என்றாக்கியது. அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பை விட்டுப் போயின. ருவன்வெல்லைத் தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். மறுத்தார்கள். அவர் விடவில்லை. விஷயம் இடாப்புத் திருத்த அதிகாரியான சிவஞானசுந்தரத்திடம் போனது.

அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது அது. அந்தப் பிரிவை வைத்து சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் செல்லாது, பெயரைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு சொன்னார். தம்பி, இந்த இடத்தில் வகுப்பை நிறுத்துங்கள். அவர் நீதியரசர் இல்லை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்த ஓர் அதிகாரி. பாராளுமன்றத்தைப் பார்த்து, உனக்கு இந்த அதிகாரம் கிடையாது என்கிறார். நீங்கள் கேட்ட அதிகாரப் பங்கீடு இதுதான்.

1951இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, வாசகம் தெளிவாக இருக்கும்போது விளைவைத் தேடிப் போக வேண்டியதில்லை என்றது. 1953இல், அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தச் சட்டங்கள் செல்லும் என்றே சொல்லிவிட்டது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் உரிய வேலை என்பது அவர்கள் நியாயம்.

என் தாத்தா 1947இல் வாக்களித்தவர். பிறகு 1949ஆம் வருடச் சட்டப்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். கலியாணம் கட்டியவர் ஏழு வருடம் விடாமல் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பதில் இங்கிலீஷில் வந்தது. லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், வாசிக்க ஆளில்லை. கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு, "இல்லையாம்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். நான்காக மடித்து மடிப்பெல்லாம் இற்றுப்போன அந்தக் காகிதத்தை எங்கள் தகரப் பெட்டியில் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு மறு வருடம், 1954இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி யோசித்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை என்ற ஏற்பாடு அந்தப் பிள்ளைகளின் மனதை என்ன செய்கிறது என்று பார்த்தது. செல்லாது என்றது. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதுவரை வெள்ளையருக்கு மட்டும் இருந்த பாடசாலைக்குப் போனபோது, ஆர்கன்சா மாநில ஆளுநரே படையை நிறுத்தி மறித்தார். கடைசியில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் மத்திய இராணுவத்தை அனுப்பி அவர்களை உள்ளே போகவைத்தார்.

சமஷ்டி வந்தால் நமக்கு விடிந்துவிடும் என்று எழுதுகிற நண்பர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தது, அதை வைத்துத்தான் அந்த ஆளுநர் பிள்ளைகளை மறித்தார். நாம் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் சிதறிக் கிடப்பவர்கள். நுவரெலியா மாவட்டத்தை விட்டால் எங்கும் சிறுபான்மை. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் மறு பக்கத்தில் நம் ஆட்கள் நிற்பார்கள். மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் விளைவைப் பார்க்கிற நீதிமன்றம் இல்லாமல் அது நமக்குப் போதாது.

அப்புறம் அந்தப் பையன் நடந்து வருகிற பாதை. 1987ஆம் வருடப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கிராமங்களுக்கு என்று எழுதப்பட்டது, தோட்டக் குடியிருப்பு அதில் அடங்கவில்லை. லயத்து மக்களின் வாக்கில் ஜெயித்த உறுப்பினராலும் லயத்துக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாமல் கிடந்தது. அதைத் திருத்த 2018 ஆனது. எதுக்கு என்று கேட்டவனிடம் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றது: நம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு சேர்ந்த ஒன்பதாவது அட்டவணையில் மாகாண சபைப் பட்டியல், மத்திக்கு ஒதுக்கிய பட்டியல், இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிய பட்டியல் என மூன்றும் இருக்கின்றன. படிப்பிக்கும்போது, மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல் என்பதையும், 2018இல் அதன் காலம் முடிந்த பிறகு மாகாணம் ஆளுநர் கையில் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.