திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப்படுதல்: வீட்டு வைத்தியம் எதுவரை?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன், வயது 34. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. இந்த ஒரு வருஷத்தில் நாலாவது முறையாக வெள்ளைப்படுதலும் அரிப்பும். மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை போட்டால் அடங்குகிறது, கொஞ்ச நாளில் மறுபடி வருகிறது. வேப்பிலை, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் உள்ளே கழுவச் சொல்கிறார் மாமியார். தயிர் வை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போரிக் பவுடர் நல்லது என்று வீடியோவில் பார்த்தேன். கேரம் போர்டில் தூவுவதுதானே அது? எதைச் செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கேரம் பவுடரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தெருவுக்குத் தெரு கேரம் ஆடுகிற வடசென்னையில் அது சுலபமாகக் கைக்குக் கிடைக்கும், அதனால்தான் பயமாக இருக்கிறது. போரிக் அமிலம் மருந்தாகப் பயன்படுவது உண்மை. சாதாரண மருந்துக்குப் பணியாத சில பூஞ்சை வகைகளுக்கு 600 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக, இரவில் உள்ளே வைக்க, இரண்டு மூன்று வாரத்துக்கு எழுதித் தருவோம். விளையாட்டுப் பவுடரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு சுத்தம் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. வாய்க்குள் போனால் போரிக் விஷம். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

இனி உங்கள் பிரச்சினை. ஆரோக்கியமான பிறப்புறுப்பு புளிப்புத்தன்மை கொண்டது, பி.ஹெச். அளவு சுமார் 3.8 முதல் 4.5 வரை. அங்கே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள்தான் அந்த அமிலத்தைச் சுரந்து காவல் காக்கின்றன. உள்ளே எதை ஊற்றிக் கழுவினாலும் அந்தக் காவல் கலைகிறது. வேப்பிலைத் தண்ணீர், டெட்டால், படிகாரம், வாசனை வாஷ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அக்கறையோடுதான் மாமியார் சொல்கிறார். ஆனால் அடிக்கடி உள்ளே கழுவும் பெண்களுக்குத்தான் பாக்டீரியா தொற்று அதிகம் காணப்படுகிறது. தயிரைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுங்கள். அதில் இருப்பவை வேறு இனப் பாக்டீரியாக்கள். உள்ளே வைத்தாலும் அங்கே நிலைப்பதில்லை. பூண்டுப் பல் வைப்பதும் வேண்டாம், புண்ணாகும்.

மாத்திரை போட்டும் ஏன் நிற்கவில்லை? ‘வெள்ளைப்படுதல்’ என்று மெடிக்கலில் சொன்னால் கடைக்காரருக்கு அது ஒரே நோய். எங்களுக்கு அது குறைந்தது மூன்று. திரிந்த பால்போலக் கெட்டியாக, கடும் அரிப்போடு, நாற்றமில்லாமல் வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் கலந்த வெள்ளையில் நீர்த்து, மீன் கவிச்சி அடித்தால், குறிப்பாக உறவுக்குப் பிறகு அடித்தால், பாக்டீரியா சமநிலை குலைந்திருக்கிறது. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்தால் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவின் மூலம் பரவுவது. பூஞ்சை மாத்திரை மற்ற இரண்டையும் தொடாது. கண்ணால் பார்த்து மட்டும் நாங்களும் தவறலாம், அதனால்தான் பஞ்சுக் குச்சியால் நீர் எடுத்துச் சோதிக்கிறோம்.

பூஞ்சைதான் என்று உறுதியாகி, வருஷத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் ஒற்றை மாத்திரை போதாது. ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று. பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம் என்பதுதான் வழக்கமான முறை. இதை நீங்களாகத் தொடங்காதீர்கள். கர்ப்பத்தில் இந்த மாத்திரையைத் தவிர்த்து, உள்ளே வைக்கும் மருந்துதான் தருவோம். சர்க்கரையையும் பாருங்கள். விடாத அரிப்புக்கு வந்து, சர்க்கரை இருப்பதையே அப்போதுதான் தெரிந்துகொள்ளும் பெண்கள் உண்டு. சளி, காய்ச்சலுக்கு அடிக்கடி ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கணவருக்கும் மருந்து வேண்டுமா? டிரைகோமோனாஸ் என்றால் கட்டாயம், அதே நேரத்தில். பூஞ்சைக்கு, அவருக்குத் தொந்தரவு இருந்தால் மட்டும். பாக்டீரியா வகைக்கு இதுவரை தேவையில்லை என்றே சொல்லிவந்தோம். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு அதை மாற்றுகிறது: மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது, கணவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது 35 சதவீதம்தான். கூச்சப்படாமல் அவரையும் கூட்டி வாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். நாளெல்லாம் தையல் மெஷின் முன் உட்காருகிறவர் இறுக்கமான லெக்கின்ஸை விட்டுப் பருத்திக்கு மாறலாம். ஜட்டியைப் புடவைக்கு அடியில் மறைத்து ஈரத்தோடு காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் போகவே மாட்டேன் என்கிறது. மொட்டை மாடி வெயிலில் போடுங்கள், பார்ப்பவர் பார்க்கட்டும். வெளிப்புற எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆணுறை பயன்படுத்தும் நாளில் வேண்டாம், எண்ணெய் அதைப் பலவீனப்படுத்தும். ஸ்டீராய்டு கலந்த அரிப்பு க்ரீமை வாங்கிப் பூசாதீர்கள், தோல் மெலிந்துபோகும். உடம்பு சூடு என்று வெந்தயம், நன்னாரி குடித்தால் கெடுதல் இல்லை, தொற்றும் போகாது. வெள்ளைப்படுதலால் எலும்பு உருகாது.

அடிவயிற்று வலி, காய்ச்சல், இடையில் ரத்தப்போக்கு, அல்லது கர்ப்பம் என்றால் காத்திருக்காதீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் ஸ்டான்லியும் உங்களுக்குப் பக்கம்தான். மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே மருந்து எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் சோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். இதுவரை போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.