நைஃப்பில் அந்த 'கே' எதற்கு?

வணக்கம் ஐயா,

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். டிக்டேஷனில் நைஃப் என்ற சொல்லை 'என்' போட்டு ஆரம்பித்து மார்க்கை விட்டுவிட்டு வந்தாள். "சொல்லாத எழுத்தை எதுக்கும்மா எழுதணும்?" என்கிறாள். "அது சைலண்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணு" என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு ஒழுங்கே கிடையாதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் கேட்டது சரியான கேள்வி, அதை மனப்பாடத்தால் மூடிவிடாதீர்கள். அந்த 'கே' ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்ன எழுத்து. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்வீடன், டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளிடமிருந்து வந்த சொல் அது, 'க்னீஃப்' என்றுதான் சொன்னார்கள். ஸ்வீடனில் இன்றைக்கும் கத்திக்கு 'க்னீவ்', ஆங்கிலத்தில் இதே மாதிரி கே ஒலிக்காத முழங்கால் சொல்லுக்கு ஜெர்மனியில் 'க்னீ'. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தபோதும் அந்தக் கே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவிட்டது, நாக்கோ நிற்காமல் மாறிக்கொண்டே போனது. 1700 வாக்கில் பேச்சிலிருந்து கே உதிர்ந்துவிட்டது, புத்தகத்தில் மட்டும் தங்கிவிட்டது. அவளை ஒரு தடவை 'க்னைஃப்' என்று உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எழுதும்போது கே விட்டுப்போகாது.

ஆனால் எல்லா சைலண்ட் லெட்டரும் இப்படி இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள 'பி'யை ஆங்கிலத்தில் யாருமே உச்சரித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீன் மூலமான 'டெபிடும்' என்ற சொல்லில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு நுழைத்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லில் உள்ள 'எஸ்' சுத்தமான தவறு. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், லத்தீன் வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லுக்கு உறவு என்று நினைத்து எஸ்ஸைச் சேர்த்துவிட்டார்கள். பெரியவர்கள் செய்த தப்பைத்தான் நாம் டிக்டேஷனில் எழுதுகிறோம் என்று தாராளமாகச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏப்ரன் கதை. தமிழ்ப் பாடத்தில் 'பிரித்து எழுதுக' எழுதுகிற பிள்ளைக்கு இது உடனே புரியும். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனின் பழைய பெயர் 'நாப்ரன்', நாப்கின் அதன் சொந்தக்காரச் சொல். 'ஒரு நாப்ரன்' என்பதை 'அ நாப்ரன்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் 'அன் ஆப்ரன்' என்று பிரித்துக்கொண்டார்கள். 'என்' முன்னால் இருந்த சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. பிரித்து எழுதியதில் ஒரு ஊரே தவறு செய்து, அதுவே கடைசியில் சரியாகிவிட்டது!

பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' விஷயத்தில் இதே கூத்து தலைகீழாக நடந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் 'கூடுதலாக' என்று பொருள், 'ஈக்நேம்' என்றால் கூடுதல் பெயர். அது எப்படி நிக்நேம் ஆகியிருக்கும் என்று ஏப்ரன் கதையைச் சொன்ன கையோடு அவளிடம் கேளுங்கள். 'அன் ஈக்நேம்' என்பதை எழுதிக் காட்டினால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.